இலைக்குத் திறந்த சன்னல்

பரமத்தி வேலூர்
ஈசுவர வருஷம், மார்கழி 12

சிரஞ்சீவி மகன் வெள்ளியங்கிரிக்கு உன் அப்பன் சென்னிமலை ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் சம்சாரம் காளியாத்தாள், குழந்தை கண்ணாத்தாள் நாலு பேரும் சுகம். எல்லாக் கடிதத்திலும் முதல் வரியில் சுகம் என்று எழுதிவிட்டு நாலாவது வரியில் கால்வலி, வயிற்றுவலி என்று ஆரம்பிப்பது என் வழக்கம் என்று நீ சிரிப்பாய், எனக்குத் தெரியும். இந்தத் தடவை அப்படி இல்லை. காளியாத்தாளுக்கு இருமல் நின்று இன்றைக்கு இருபத்திரண்டு நாள் ஆகிறது. அவளுக்கு வந்திருந்தது காசம் இல்லை. இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று எழுதிவிட்டேன், இனி மற்றதைப் படி. ஐப்பசிக் கடைசியில் நான் உனக்கு எழுதிய கடிதத்தை நீ வைத்திருந்தால் அடுப்பில் போட்டுவிடு. அதில் இருந்தது என் பயம்தானே ஒழிய அவளுடைய நோய் இல்லை. உன் பெட்டியில் அது கிடக்கிறது என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். ஆடிக் காற்றில் வெற்றிலைக் கொடிக்காலில் இருந்த நம் இலைக் கொட்டகை சாய்ந்துவிட்டது என்று அப்போதே எழுதினேன் அல்லவா. வெற்றிலை பறிப்பது நிற்காது, அடுக்கிக் கட்டுவதற்கு இடம் வேண்டும், மழைக்கு முன்னால் புதுக் கொட்டகை போட ஆள் கிடைக்கவில்லை. கொஞ்ச நாளைக்குத்தானே என்று வீட்டில் வடக்குப் பக்கம் தானியம் போட்டிருந்த அறையைக் காலி பண்ணி, இலையை அங்கே கொண்டுவந்துவிட்டேன். நீ சின்ன வயசிலிருந்து பார்த்தவன்தான், கண்டிச்சீமைக்குப் போய்த் தேயிலைக் கணக்கு எழுதி எழுதி மறந்திருப்பாய் என்று சொல்கிறேன். பறித்த இலை காய்ந்தால் போச்சு. தரையில் ஈர வாழை மட்டையைப் பரப்பி, நூறு நூறு இலையாகக் கவுளி கட்டி அடுக்கி, மேலே நனைத்த சாக்கைப் போட்டு, காலையும் சாயங்காலமும் தண்ணீர் தெளித்து, காற்றுப் புகாமல் சன்னலையும் சாக்கால் அடைத்து வைக்க வேண்டும். கொட்டகையில் அது சரி, நாலு பக்கமும் கீற்று, தண்ணீர் தெளித்தால் மண் குடித்துவிடும். வீட்டுக்குள்ளே அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று நான் யோசிக்கவே இல்லை. முப்பது வருஷம் வெற்றிலை வைத்தவன் யோசிக்கவில்லை. அது போய் நின்ற இடம் சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்து அறையைத்தான் ஆவணிக் கடைசியில் எடப்பாடித் தாய்வீட்டிலிருந்து ஐந்து மாதக் குழந்தையோடு வந்த காளியாத்தாளுக்குக் கொடுத்தோம்.

கொடுத்ததோடு விட்டோமா. கைக்குழந்தைக்குக் காற்று ஆகாது என்று உன் அம்மா அந்த அறைச் சன்னலையும் சாத்தி, இடுக்கில் எல்லாம் பழந்துணியைச் செருகிவிட்டாள். மழை நாளில் குழந்தைத் துணி காயாது என்று அறைக்குள்ளேயே கொடி கட்டி ஈரத்துணியைப் போட்டாள். காலையும் மாலையும் சாம்பிராணிப் புகை. இந்தப் பக்கம் நான் தண்ணீர் தெளிக்கிறேன், அந்தப் பக்கம் உன் அம்மா துணி காயப் போடுகிறாள், நடுவில் ஒரு மண்சுவர், என்ன ஆகும் சொல். கொல்லையில் சுவரை ஒட்டி மண்ணும் சருகும் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்ததையும் ஒருவரும் வாரவில்லை. புரட்டாசியில் ஒருநாள் நான் சாப்பிட உட்கார்ந்தபோது காளியாத்தாள் சோற்றைப் போட்டுவிட்டு, ஏனுங்க மாமா, அந்த ரூமுச் செவுத்துல கறுப்புக் கறுப்பா என்னமோ பூத்திருக்குதுங்க, ஒரு மக்கல் வாடையும் அடிக்குதுங்க என்றாள். போய்ப் பார்த்தேன். மூலையில் மிளகு தெளித்த மாதிரி புள்ளி புள்ளியாகப் பூசணம். இதுக்கென்ன, ரெண்டு கை சுண்ணாம்பு அடித்தால் தீர்ந்தது என்று சின்னண்ணனை விட்டு வெள்ளை அடிக்கச் சொன்னேன். நம் கொடிக்கால் ஆள் சின்னண்ணன்தான் உனக்குத் தெரியுமே, அவன் ஈரச் சுவருக்கு வெள்ளை நிக்காதுங்க என்றான். நீ அடிடா என்றேன், அடித்தான். பத்து நாளில் வெள்ளைக்கு மேலேயே கறுப்புப் புள்ளி எட்டிப் பார்த்தது. ரெண்டாவது தரம் அவள் சொன்னபோது, எடப்பாடி வறண்ட பூமி, உனக்கு ஆற்றங்கரை வாடை புதுசு, பழகிவிடும் என்று சொன்னேன். மூன்றாவது தரம் அவள் சொல்லவில்லை, காட்டினாள். சுவரை ஒட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்து கல்யாணக் கூறைச்சேலையை எடுத்துப் பிரித்தாள். மடிப்பு மடிப்பாகச் சாம்பல் பூத்திருந்தது. கையில் வைத்துக்கொண்டு அழுதாள். சேலைக்கா அழுகிறாய், வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்று சிரித்துவிட்டு வெளியே போனவன் நான்தான் சாமி. மூக்கு என்னிடமும் இருந்தது. ஆனால் வருஷக்கணக்காக ஈர இலை வாடையிலேயே கிடந்த மூக்கு, அதற்கு அது வாடையாகவே தெரியவில்லை.

ஐப்பசி மழையில் இருமல் ஆரம்பித்தது. முதலில் விடியற்காலையில் மட்டும், அப்புறம் பகலிலும். மூச்சு விடும்போது உள்ளே விசில் மாதிரி ஒரு சத்தம். கண்ணெல்லாம் சிவந்து நீர் வடியும். உடம்பும் இளைத்துவிட்டாள், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் இளைத்தால் எப்படி இருக்கும். சுக்குக் கஷாயம், ஆடாதொடை எல்லாம் கொடுத்தோம், கேட்கவில்லை. இங்கே நான் ஒன்று சொல்ல வேண்டும், உனக்கு இதுவரை விவரமாகச் சொன்னதில்லை. என் தங்கை கந்தம்மாள், உன் அத்தை, நீ பிறப்பதற்கு முன்பே போய்விட்டாள் என்று மட்டும் உனக்குத் தெரியும். அவள் காசத்தில்தான் போனாள். பத்தொன்பது வயசு. எட்டு மாதம் இருமினாள், எட்டு மாதமும் கேட்டேன். அந்தச் சத்தம் என் காதைவிட்டுப் போனதில்லை. காளியாத்தாள் இருமும்போது எனக்கு அந்தக் காதுதான் கேட்டதே தவிர இந்தக் காது கேட்கவில்லை. இது அதுதான் என்று நானாகவே முடிவு கட்டினேன். டாக்டரிடம் போகவில்லை, ஒருவரையும் கேட்கவில்லை, போனால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். உனக்குக் கடிதம் எழுதினேன். அன்றைக்கே அவளுக்குத் தட்டு வேறு, டம்ளர் வேறு, குழந்தையை எடுத்து உன் அம்மாவிடம் கொடுத்துப் பசும்பால் பழக்கச் சொன்னேன். அவள் இருமுகிற காற்று கூடத்துக்கு வரக் கூடாது என்று அந்த அறைக் கதவையும் சாத்தி வைக்கச் சொன்னேன். இருந்த ஒரே வழியையும் அடைத்தேன். உன் அம்மாவைக் குறை சொல்லாதே, அவள் அழுதுகொண்டுதான் குழந்தையை வாங்கினாள், சொன்னது நான்.

அதே சமயத்தில் காளியாத்தாளுடைய அப்பா காதுக்கு விஷயம் எட்டிவிட்டது. எடப்பாடியிலிருந்து வந்தார். சண்டை போடவில்லை, அது பெரிய காரியம். மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன், மாப்பிள்ளை என்ன நினைக்கிறார் என்று தெரிந்தால் அதற்குத் தகுந்தபடி பார்த்துக்கொள்கிறேன் என்றார். தை பத்தாம் தேதி வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். போனால் குழந்தை இல்லாமல் போக வேண்டும் என்பது காளியாத்தாளுக்குத் தெரியும். உங்க மகன் என்ன எழுதறாங்களோ அதும்படி செய்யறனுங்க மாமா என்று மட்டும் சொன்னாள்.

இனி இலை விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் என் கண்ணைத் திறந்தது. கார்த்திகை ஐந்தாம் தேதி கரூரிலிருந்து வெங்கடாசலம் வந்தார். நம்மிடம் இருபது வருஷமாக இலை எடுக்கிறவர், ஒருநாளும் ஒரு கவுளி திருப்பினதில்லை. அன்றைக்கு ரெண்டு இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். உட்காரக்கூட இல்லை. கோவிச்சுக்காதீங்க, உங்க இலை பாக்க நல்லாத்தானுங்க இருக்குது, மென்னாத்தான் செவுத்து வாடை அடிக்குதுங்க, சீக்குப் புடிச்ச ஊட்டுல வெச்ச மாதிரி இருக்குதுங்க என்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டேன். ஆமாம், அடித்தது. மூக்குக்குத் தெரியாதது நாக்குக்குத் தெரிந்தது. மறு பேச்சு இல்லை, அந்த நிமிஷமே சின்னண்ணனைக் கூப்பிட்டு எல்லாக் கட்டையும் வெளியே எடுக்கச் சொன்னேன். அடியில் கிடந்த வாழை மட்டையை உருவினால் கூழாக வந்தது. பின் சுவர் தரையிலிருந்து என் நெஞ்சு உயரத்துக்குக் கறுத்துக் கிடந்தது, அதற்கு மேலே வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மாதிரிப் பூசணம். சாக்கைப் பிடுங்கி எறிந்து சன்னலைத் திறந்து, மட்டையை வாரிக் குப்பையில் போட்டு, கொடிக்காலில் புதுக் கொட்டகைக்கு அன்று சாயங்காலமே நாலு கால் நட்டோம். ஆடியிலிருந்து கிடைக்காத ஆள் அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் கிடைத்தது பார்.

மண்வெட்டியும் கையுமாக வியர்த்துப்போய் நின்றுகொண்டிருந்தேன். காளியாத்தாள் அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து, அங்கிருந்தபடியே, உரக்கப் பேசக்கூட மூச்சு இல்லாமல் சொன்னாள். இலைக்கு வாடை வந்துருச்சுன்னு இன்னைக்கே சன்னலைத் தெறந்து உட்டுட்டீங்க மாமா, எனக்கு மூணு மாசமா அதே வாடைதானுங்க என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். இலையும் நீயும் ஒன்றா என்று வாய் வரைக்கும் வந்தது, அதைச் சொன்னால் அது யார் மேல் விழும் என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டேன். வெங்கடாசலம் வேறு அங்கேயே நிற்கிறார். என் வயசில் வெட்கம் என்பது என்னவென்று அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது.

ஆனாலும் உன் அப்பன் ஒரு சொல்லுக்கு மசிகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். வாடையால் இருமல் வருமா, அவள் மனசில் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாளோ என்று ஒரு சந்தேகம் விட்டபாடில்லை. பரீட்சை வைத்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். மாட்டுக் கொட்டகையை ஒட்டிச் சாய்ப்பு இறக்கியிருக்கிறோமே, முன்பக்கம் திறந்தது, அங்கே தட்டி கட்டிக் கட்டிலைப் போட்டுக் காளியாத்தாளை அங்கே இருக்கச் சொன்னேன். என் கட்டிலைத் தூக்கி அவள் அறையில் போட்டுக்கொண்டு, சன்னலைப் பழையபடி சாத்தி, துணியைக்கூட மறுபடி செருகி, அங்கேயே படுத்தேன். ஏனுங்க, ஊட்டுல ஒரு நோவாளி பத்தாதுங்களா என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நாலு நாள் ஒன்றும் இல்லை, பார்த்தாயா என்று உன் அம்மாவிடம் நெஞ்சை நிமிர்த்தினேன். ஐந்தாம் நாள் தும்மல் பிடித்தது. ஆறாம் நாள் தொண்டையில் நமைச்சல். எட்டாம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்தால் இருமல் நிற்கவில்லை, கண்ணில் நீர் கொட்டுகிறது, மூச்சு இழுக்கும்போது அதே விசில் சத்தம் என் நெஞ்சிலிருந்து வருகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். சாய்ப்பில் காளியாத்தாள் மாட்டுக்குத் தீனி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள், அவளுக்கு அதற்குள் இருமல் பாதியாகக் குறைந்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்து வெந்நீர் கொடுத்தாள். பரீட்சையில் யார் தேறினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு அப்போது பேச மூச்சு இல்லை.

அதற்கப்புறம் பயத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப்போனேன். மூன்று நாள் காலையில் சளி கொண்டுவரச் சொல்லிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். முதுகில் தட்டி, குழாய் வைத்துக் கேட்டார்கள். காசம் இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார், காகிதத்திலும் எழுதிக் கொடுத்தார், அது பத்திரமாக என் பெட்டியில் இருக்கிறது. வேண்டுமென்றால் அனுப்புகிறேன், நீ கேட்க மாட்டாய் என்று நம்புகிறேன். எங்கே படுக்கிறாள் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். இலை, தண்ணீர், சாக்கு, ஈரத்துணி, புகை எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் நான் போட்ட பரீட்சையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இவளுக்கு மருந்து இருக்கிறது, உங்களுக்குத்தான் மருந்து இல்லை என்றார். சின்ன வயசுக்காரர், சொல்லிவிட்டுப் போகட்டும், சரியாகத்தான் சொன்னார். பிரித்து வைத்து இருபத்தைந்து நாள் கழித்துக் குழந்தையை அவள் கையில் கொடுத்தோம். கண்ணாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உன் அம்மாவிடம் தாவியது. காளியாத்தாள் கட்டிலில் உட்கார்ந்து மடியை விரித்தாள். உன் அம்மா குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள், வெகுநேரம் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் குழந்தை அவள் குரல் கேட்டுத் தவழ்ந்து போனது. இப்போது அவளைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

உடனே உனக்கு எழுதியிருக்கலாம். ஒரு பொய்யை அவசரப்பட்டு எழுதியவன் மறுபடியும் அவசரப்படக் கூடாது என்று, இருமல் நின்று இருபது நாள் பார்த்துவிட்டு எழுதுகிறேன். வெட்கமும் ஒரு காரணம், மறைக்கவில்லை. இந்த நாளில் அந்த அறையை என்ன பண்ணினோம் என்று கேள். சுவரில் கறுத்த பூச்சையெல்லாம் மண் தெரிகிற வரைக்கும் சுரண்டி எடுத்தோம், சுரண்டும்போது சின்னண்ணன் மூக்கில் துணி கட்டிக்கொண்டான், நானும் கட்டிக்கொண்டேன், அந்த அளவுக்குப் புத்தி வந்துவிட்டது. கொல்லையில் குவிந்திருந்த மண்ணை வெட்டி வாரி, மழைத்தண்ணீர் சுவரோரம் நிற்காமல் ஓட ஒரு சாக்கடை எடுத்தோம். பதினைந்து நாள் சும்மா காய விட்டுவிட்டு அப்புறம்தான் பூசினோம், புதுச் சுண்ணாம்பு அடித்தோம், சின்னண்ணன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்க்கவில்லை. சாத்தியே கிடந்த வடக்குச் சன்னலுக்கு எதிரே தெற்குச் சுவரில் இன்னொரு சன்னல் வெட்டினோம், ஒரு பக்கம் வந்த காற்று இன்னொரு பக்கம் போக வேண்டும் அல்லவா. உன் அம்மா குழந்தைக்குக் காது மூடித் துணி கட்டிவிட்டாள், சன்னலைச் சாத்தவில்லை. கூறைச்சேலையை வெயிலில் போட்டு உதறித் துவைத்ததில் பூசணம் போய்விட்டது, ஒரு மடிப்பில் மட்டும் கறை நிற்கிறது. வேறு எடுத்துத் தருகிறேன் என்றேன், வேண்டாமுங்க, இதுவே இருக்கட்டுமுங்க என்கிறாள்.

இப்போது உன் விஷயம். கார்த்திகையில் உன் பதில் வந்தது, நான் அந்த அறையில் படுத்திருந்த நாளில். குழந்தையைத் தள்ளி வைத்தது நல்லது, தையில் அவளை அங்கே கூட்டிக்கொள்வதாக இருந்ததை இப்போதைக்கு நிறுத்திவைக்கலாம் என்று எழுதியிருந்தாய். நீ எழுதியது தப்பு இல்லை, நான் எழுதியதை நம்பித்தானே எழுதினாய். ஆனால் எந்தக் கடிதத்திலும் அடியில் காளியாத்தாளுக்கு என்று ஒரு வரி எழுதுவாயே, அதில் அது இல்லை. அவள் நாலாவது வரைக்கும் படித்தவள், உனக்குத் தெரியும். கடிதத்தை வாங்கிப் படித்தாள், பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள், மடித்து என் கையில் கொடுத்தாள். அவள் அப்பா தை பத்தாம் தேதி வருகிறார். அதற்கு முன்னால் நீ அவள் பேருக்கே ஒரு கடிதம் எழுது, எனக்கு எழுதி அவளுக்குச் சொல்லச் சொல்லாதே, நான் சொல்லிக் கெட்டது போதும். வந்து கூட்டிப் போகிறேன் என்று எழுதினால் அவள் காத்திருப்பாள். இலங்கைக்குக் கப்பல் ஏறுகிறவர்களை மண்டபம் முகாமில் டாக்டர்கள் பார்ப்பார்கள் என்று சொல்வார்கள், பார்க்கட்டும், இருமினால்தானே.

அங்கே உனக்குக் கொடுத்திருக்கிற வீடு மலைச்சரிவில் இருக்கிறது, காலையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும் என்று பெருமையாக எழுதியிருந்தாய். அப்போது எனக்கும் அது அழகாகத்தான் இருந்தது, இப்போது நினைத்தால் திக்கென்கிறது. அவளும் குழந்தையும் வருவதற்கு முன்னால் சுவரோரத்தைப் பார். பெட்டி, கட்டில் எதையும் சுவரில் ஒட்டிப் போடாதே, ஒரு சாண் தள்ளிப் போடு, பெட்டிக்கு அடியில் செங்கல் வை. நனைந்த கம்பளியை வீட்டுக்குள் காயப் போடுகிற பழக்கம் உனக்கு இருக்கும், குளிருக்குச் சோம்பி எல்லாரும் அதைத்தான் செய்வார்கள், விட்டுவிடு. படம் ஒட்டியிருந்தால் பிய்த்துப் பார், பின்னால்தான் பூத்திருக்கும். வெயில் எட்டிப் பார்க்கிற நேரத்தில் ஒரு மணி நேரமாவது கதவு சன்னல் எல்லாம் திறந்து வை. குளிருக்காகக் கரியை மூட்டி அறையைச் சாத்திக்கொண்டு படுக்காதே, அது இதைவிடப் பொல்லாதது. இதையெல்லாம் நான் சொல்வது சிரிப்பாகத்தான் இருக்கும், வேறு யார் சொல்வார்கள், இவ்வளவு பட்டவன் நான்தானே. எல்லாவற்றுக்கும் மேலே, அவள் வாடை அடிக்கிறது என்று சொன்னால் முதல் தரத்திலேயே எழுந்து போய்ப் பார்.

எழுதினதில் பொய் கலந்துவிடக் கூடாது என்று இதுவரைக்கும் எழுதியதைக் காளியாத்தாளிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். சாய்ப்பில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தாள். எல்லாம் சரியா அம்மணி என்று கேட்டேன். எல்லாஞ் சரிதானுங்க மாமா, மூணு தரமில்லீங்க, நாலு தரம் சொன்னனுங்க என்றாள். நாலாவது எப்போது என்று எனக்கு நினைவே வரவில்லை. ஐப்பசியில உங்க மகனுக்குக் கடுதாசி எழுதுனீங்களே, அதுல அடியில செவுத்தைப் பத்தி நான் ஒரு வரி எழுதட்டுங்களான்னு கேட்டனுங்க, எடமில்லைன்னு சொல்லி ஒட்டிப்போட்டீங்க என்றாள். நினைவு வந்தது. இடம் இருந்தது சாமி. அந்தத் தாளில் விரற்கடை அளவுக்கு இடம் இருந்தது. அவள் கை பட்ட தாள் உன்னிடம் வரக் கூடாது என்று நான்தான் பயந்தேன்.

அதனால் இந்தத் தாளில் அடியில் இடம் விட்டு நிறுத்திக்கொள்கிறேன். நீ நீண்ட ஆயுளோடும் நல்ல சரீரத்தோடும் இருக்க நம் குலதெய்வம் துணை நிற்கட்டும், என் ஆசீர்வாதமும் உன் அம்மா ஆசீர்வாதமும். வேளைக்குச் சாப்பிடு. தை பத்தாம் தேதியை மறக்காதே, தபால் வர ஒரு வாரம் ஆகிறது, கணக்குப் பார்த்து எழுது.

இப்படிக்கு
உன் அப்பன்
சென்னிமலை

நான் காளியாத்தாள் எழுதுவது. நானும் குழந்தையும் சுகம். இருமல் இல்லை. குழந்தைக்கு ரெண்டு பல் வந்திருக்கிறது. அங்கே வீட்டில் சன்னல் எந்தப் பக்கம் என்று எனக்கு எழுதவும்.